கிழக்குக் கரை உடைந்த எட்டு நிமிடம்

மழைக்காலத்தில் கேமராவை ஈரம் அண்டாமல் வைத்துக்கொள்ள அரிசிப் பானையைவிட நல்ல இடம் கிடையாது. கடையில் விற்கும் உறைகளையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டேன். ஒரு வேட்டித் துணியில் சுற்றிப் பச்சரிசிக்குள் புதைத்து வைத்தால் மறுநாள் லென்ஸில் துளி ஆவி இருக்காது. யூனுஸ் சார், உங்கள் வீட்டில் கேமரா இருந்தால் செய்து பாருங்கள்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இன்ஸ்பெக்டர் என்றால் அதட்டுவார் என்று நினைத்து வந்தேன். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்துத் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று எனக்கும் தெரியும். மாஜிஸ்ட்ரேட் முன்னால் கேட்டாலும் இதையே சொல்வேன்.

என் பெயர் தியாகேசன். சொந்த ஊர் வலங்கைமான். முதலில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு தொண்டு நிறுவனங்களுக்கு ஆவணப்படம் எடுக்கப் போனேன். கல்யாணப் படத்தில் எல்லோரும் சிரிக்க வேண்டும், தொண்டுப் படத்தில் எல்லோரும் அழ வேண்டும். மற்றபடி வேலை ஒன்றுதான். கறவை மாடு, கண் சிகிச்சை, கழிப்பறை என்று நாற்பத்தேழு படம் எடுத்திருக்கிறேன். சீர்காழி தொடங்கி முத்துப்பேட்டை வரை நான் அழவைக்காத ஊர் குறைவு.

சுனாமி அலை வந்த மறு வருடம் அது. கடற்கரை ஊர்களில் ஒரு குடிசைக்கு இரண்டு தொண்டு நிறுவனம் போட்டி போட்டது. ஒரே வீட்டில் மூன்று தையல் மிஷினைப் பார்த்திருக்கிறேன். தைக்கத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. உள்ளே இருபது கிலோமீட்டர் தள்ளி வயல்காட்டு ஊர்களுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அந்த ஊர்களின் தப்பு, அலை அவ்வளவு தூரம் வராததுதான்.

அப்படி ஓர் ஊரில்தான் அகிலாண்டம் என்ற அம்மாள் கிராம முன்னேற்ற மன்றம் என்று ஒன்றை நடத்தினார். நல்ல மனுஷி. அதை எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், இதில் அவருக்குச் சம்பந்தம் எதுவுமில்லை. சாத்தன் வாய்க்காலின் கிழக்குக் கரையை ஒட்டி முப்பத்திரண்டு குடிசை. எல்லாம் வயல் வேலைக்குப் போகிற குடும்பங்கள். அந்தக் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்ற வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. அதற்காக நான் ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். ஒழுகுகிற கூரை, மண் அடுப்பு, பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள். அது வெளிநாட்டில் பணம் தருகிறவர்களிடம் போய்த் திரும்பி வந்தது.

"நல்லாத்தான் இருக்குங்க தியாகேசன்," என்றார் அகிலாண்டம். "ஆனா பாத்தவங்களுக்கு அழுகை வரலையாம். அவசரமா ஒண்ணும் தெரியலன்னு எழுதியிருக்காங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நாற்பது வருடமாக அதே குடிசை, அதே ஒழுகல். அதில் என்ன அவசரம் இருக்கிறது. எத்தனையோ ஆட்சி வந்து போயிற்று. ஒவ்வொரு தேர்தலுக்கும் நிலம் தருகிறேன், வீடு தருகிறேன் என்று மேடை போட்டுச் சொன்னவர்களுக்கே தெரியாத அவசரம் வெளிநாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்.

அந்த ஊரில் ஒரு நிலத் தகராறும் இருந்தது. குடிசைகளுக்குப் பின்னால் பன்னிரண்டு ஏக்கர் கோயில் நிலம். கிழக்குக் கரைக்காரர்கள் அதைக் குத்தகைக்கு எடுத்து மூன்று தலைமுறையாக உழுகிறார்கள். மேற்குக் கரையில் வைரக்கண்ணு என்று ஒரு மிராசு. குத்தகை தன் தகப்பனார் பெயரில்தான் இருக்கிறது என்று கேஸ் போட்டிருந்தார். அந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர்தான் வாய்க்கால், ஐப்பசி கார்த்திகையில் பார்த்தால் ஆறு. தண்ணீர் கரை தட்டினால் இரண்டு பக்கத்து ஆட்களும் மண்வெட்டியோடு காவல் இருப்பார்கள். எதிர்க்கரை உடைந்தால் தன் கரை தப்பிக்கும். அதனால் எதிராளி வந்து வெட்டிவிடுவானோ என்று பயம்.

தகராறையும் படத்தில் சேர்க்கலாம் என்று வைரக்கண்ணுவைப் பேட்டி எடுத்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாகப் பேசினார். "கேஸு கெலிச்சுப்புடலாம்னு பாக்குறானுவ. ஒரு வருஷம் கரை அவனுவ பக்கம் ஒடையட்டும். தானா காலி பண்ணிட்டுப் போவானுவ, பாருங்க."

கோபக்காரர்தான். ஆனால் அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். பேசியதோடு அவர்களுக்கு ஆறிவிடும். எனக்கு அது அப்போதே தெரியும்.

அந்த வருடம் மழை பலமாகப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கரைக்கு ஒரு சாண் கீழே ஓடிற்று. நான் நான்கு நாள் அந்த ஊரிலேயே தங்கிக் காத்திருந்தேன். சுற்று வட்டாரத்தில் எங்கெங்கோ உடைப்பு எடுத்தது. நான் இருக்கிற இடத்தில் மட்டும் கரை கல்மாதிரி நின்றது. கிழக்குக் கரை ஆட்கள் மணல் மூட்டையும் வைக்கோல் பிரியும் போட்டு அவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பான ஏழைகளை வைத்துப் படம் எடுப்பது கஷ்டம்.

நான் முரடன் இல்லை. யாருக்கும் ஒரு கீறல் விழக்கூடாது என்றுதான் திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் போர்வை கொடுக்கலாம், அதையும் படம் எடுத்துவிடலாம் என்று அகிலாண்டம் அம்மாளிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. ஒரு மணி நேரம் எல்லோரும் அங்கே இருப்பார்கள். காவல் இருக்கிறவர்களும் போர்வைக்கு வருவார்கள். ராத்திரியில் செய்திருந்தால் தூக்கத்தில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தவிர, இருட்டில் வெள்ளம் கேமராவில் விழாது.

அன்றைக்கு மத்தியானம் மழை விட்டு, மேகத்துக்கு நடுவே நல்ல வெளிச்சம் வந்தது. போர்வைக்குப் போகிற கூட்டம் என்னைத் தாண்டிப் போயிற்று. கடைசியாக வந்தவள் வேம்பு. அவளுடைய அம்மா ராமாயி, நடவு வயலில் விழுந்து இடுப்பு ஒடிந்து ஒரு வருடமாகக் கட்டிலோடு கிடந்தாள். செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பேட்டி எடுத்திருந்தேன். நன்றாகப் பேசினாள்.

"அம்மாவயும் தூக்கிட்டு வரட்டுமா சார்?" என்று வேம்பு கேட்டாள். "ரெண்டு பேர் புடிச்சாப் போதும். போர்வை வாங்குறப்ப அதுவும் படத்துல வரும்ல."

"வேணாம்மா. மறுபடி தூத்தல் போட்டு நனைஞ்சா சளி புடிச்சுக்கும். நீங்க போங்க, நான் பாத்துக்குறேன்" என்றேன்.

இந்த இடத்தில் வக்கீல்கள் நின்றுவிடுவார்கள் என்று தெரியும். அதனால் நானே விளக்கிவிடுகிறேன். ஆளில்லாத குடிசைக்குள் தண்ணீர் போனால் அது வெறும் தண்ணீர். பார்க்கிறவனுக்கு ஒரு முகம் வேண்டும். கட்டிலைச் சுற்றித் தண்ணீர் ஏறும். கூட்டம் ஓடிவரும், கட்டிலோடு தூக்கிப் போவார்கள். காப்பாற்றுவதோடு படம் முடிய வேண்டும் என்றுதான் தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளும் உங்களிடம் இருக்கிறது. கெட்ட எண்ணம் இருந்தால் யாராவது அப்படி எழுதுவார்களா.

மதகின் மேல் ஸ்டாண்டைப் போட்டு, கரையும் ராமாயியின் குடிசையும் ஒரே ஃபிரேமில் வருகிறமாதிரி வைத்துக் கேமராவை ஓடவிட்டேன். மண்வெட்டி வைரக்கண்ணுவின் மோட்டார் கொட்டகையில் இருந்தது. வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்தவர் பொருளை அப்படித் திருப்பி வைப்பது என் பழக்கம். அதையே பிற்பாடு உங்கள் இலாகா சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது எனக்குச் சங்கடம்தான்.

நண்டு வளைகள் இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு முழ அகலத்துக்கு வெட்டினேன். பத்து வெட்டுகூட ஆகவில்லை. முதலில் விரல் தண்டிக்குத் தண்ணீர் கசிந்தது. நான் மதகுக்குத் திரும்புவதற்குள் வண்டி போகிற அகலம் ஆயிற்று. அப்புறம் கரை தானாகவே இடிந்து விழுந்துகொண்டு போனது. முழங்கால் அளவுதான் வரும் என்பது என் கணக்கு. தாழ்ந்த இடம் என்பதால் கொஞ்சம் கூடிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பாதையும் முழுகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓடிவந்த ஜனங்கள் அந்தப் பக்கமே நின்று கத்தினார்கள். கயிறு கட்டி அவர்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ராமாயியின் உடல் கட்டிலிலேயே இருந்தது என்று பத்திரிகையில் போட்டார்கள். அது சரியில்லை. கட்டில் வேறு இடத்தில் கிடந்தது.

படம் எட்டு நிமிடம். முதலில் வைரக்கண்ணு பேசுகிறார். அடுத்தது உடைப்பு. அவர்மேல் நான் பழி போட்டதாகச் சொல்கிறார்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே போட்டேன். கரை உடைந்ததை உடைந்தபடியே போட்டேன். நடுவில் ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை. பார்த்தவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். கோர்ட்டும் பார்த்தது. அவருக்குப் பத்து வருடம் ஜெயில் கொடுத்தார்கள். என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். வெட்டியவரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். அதில் பொய்யில்லை, அந்த நேரம் அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் இல்லை.

படத்துக்கு மூன்று விருது. அரிய காட்சி, உயிரைப் பணயம் வைத்து எடுத்தது என்று பாராட்டினார்கள். ஆறு மாதத்தில் முப்பத்திரண்டு கான்கிரீட் வீடும் வந்துவிட்டது. கோயில் நிலத்து வழக்கிலும் பேசுவதற்கு எதிராளி இல்லாமல் போனார். நாற்பது வருடமாகக் கொடியும் ஊர்வலமும் சாதிக்காததைப் பத்து வெட்டு சாதித்தது. குடியிருப்புக்கு ராமாயி நகர் என்று பெயர் வைக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அடுத்து வந்த ஆட்சியில் இலவச டிவி கொடுத்தபோது, அந்த வீடுகளில் முதலில் போட்டுப் பார்த்தது என் படத்தைத்தான்.

ஐந்து வருடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. போன மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் படத்தைத் திரையிட்டார்கள். பேசி முடித்து இறங்கும்போது ஒரு பெண் எழுந்து வந்தாள். அங்கே கணக்கு டீச்சராம். பெயர் தர்மாம்பாள் என்றாள். வைரக்கண்ணுவின் மகள் என்று பிறகுதான் சொன்னாள். அவள் அதுவரை அந்தப் படத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள்.

"கரை ஒடையிறத மொதல்லேருந்து எடுத்திருக்கீங்க சார்," என்றாள்.

"ஆமாம்மா. அதிர்ஷ்டம்."

"இல்ல. மொத காட்சியில கரை முழுசா இருக்கு. தண்ணி விரல் அளவுதான் வருது. கேமரா ஆடல, அசையல. எந்த எடத்துல ஒடையும்னு கேமராவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

குரலை உயர்த்தக்கூட இல்லை. வகுப்பில் ஒரு பையனிடம் விடை கேட்கிறமாதிரி கேட்டுவிட்டு நின்றாள். இத்தனை நடுவர்கள், இத்தனை வக்கீல்கள், ஒரு நீதிபதி பார்த்த படம். கேட்க வேண்டிய கேள்வியை ஒருத்திதான் கேட்டாள். எனக்கு ஒரு வகையில் திருப்தியாகக்கூட இருந்தது. படத்தைக் கவனித்துப் பார்க்கிற ஆள் கிடைப்பது அபூர்வம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன். மறுவாரம் அவள் கொடுத்த மனுவோடு நீங்கள் வந்தீர்கள்.

மூல டேப்பை ஏன் அழிக்காமல் வைத்திருந்தாய் என்று கேட்டீர்கள். தொழில் தெரிந்த எவனும் மூலத்தை அழிக்கமாட்டான். நான் மண்வெட்டியோடு நடந்து போவதும் அதில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மேலே ஓட்டிப் பாருங்கள், இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.

வேம்பு இரண்டு தடவை என்னைத் தேடி வலங்கைமான் வந்தாள். அம்மாவின் குரல் தன்னிடம் எதிலும் இல்லை, செவ்வாய்க்கிழமை பேசியதைக் கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். வெள்ளத்தன்றைக்கு எடுத்ததில் ஏதாவது கேட்கிறதா என்றாள். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் விழவில்லை என்றேன். அவளை வருத்தப்படுத்த வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

விழுந்திருக்கிறது. பதினோராவது நிமிடத்தில் தொடங்கி ஏழு நிமிடம். குடிசைக்கும் மதகுக்கும் அறுபது அடி இருந்தால் அதிகம். அவள் கட்டில் வாசலைப் பார்த்தமாதிரி கிடந்தது. நான் நிற்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மகளைக் கூப்பிடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. "கேமராத் தம்பி, கேமராத் தம்பி" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். படத்தில் அந்த இடத்துக்குப் புல்லாங்குழல் போட்டுவிட்டேன்.

கரையை வெட்டியது நான். ராமாயியை வரவேண்டாம் என்று நிறுத்தியது நான். வைரக்கண்ணு குற்றமற்றவர், அவரை விட்டுவிடலாம். ஒரு குரலாவது கொடுத்திருக்கக்கூடாதா என்று வேம்பு உங்களிடம் கேட்பாள். அவளுக்குப் புரிகிறமாதிரி எடுத்துச் சொல்லுங்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் பதில் கொடுத்திருந்தால் என் குரலும் அதில் விழுந்திருக்கும்.