பத்து மீட்டர் கயிறு

– கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுடறேன் அண்ணே. "ராணுவ மோப்ப நாய்ப் பிரிவு இன்றோடு கலைக்கப்படுவதால், அங்கே எஞ்சியுள்ள பாதுகாப்புச் சொத்து ஒன்று எங்கள் நிறுவனத்தின் வசம்..."

– பாதுகாப்புச் சொத்தா? அவனுக்கு மந்திரின்னு ஒரு பேரு இருக்குடா.

– எழுத்துல அப்படித்தான் வரும் அண்ணே.

– எழுத்துல நீகூடத்தான் வைஸ் பிரசிடெண்ட்னு வருது. பார்த்தேன் அந்தக் கார்டை. எட்டு வருஷம் எங்க ஸ்டோர்ல உட்கார்ந்து பூட்ஸுக்கு நாடா எடுத்துக் குடுத்தவன். நாடா கேட்டா பாலிஷ் தருவே, பாலிஷ் கேட்டா மூணு கையெழுத்து கேப்பே.

– அதெல்லாம் பழைய கதை. எங்க கம்பெனியில எல்லாருமே வைஸ் பிரசிடெண்ட்தான்.

– அப்ப டீ போடுறது யாரு?

– அதுவும் ஒரு வைஸ் பிரசிடெண்ட்தான் அண்ணே.

– டை நல்லாத்தான் இருக்கு. கீழேதான் இடிக்குது. டை கட்டினவனுக்கு எதுக்குடா கணுக்கால் வரைக்கும் பூட்ஸு?

– கம்பெனி குடுத்தது. புதுசு, கடிக்குது... இந்தக் கூண்டெல்லாம் இப்படிக் காலியாக் கிடக்குறதைப் பார்த்தா மனசு என்னமோ பண்ணுது அண்ணே.

– ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். பதினோரு கூண்டுடா. செலவைக் குறைன்னு மேலேருந்து உத்தரவு. நல்லா இருந்ததை உன்னை மாதிரி கம்பெனிக்காரனுங்க ஓட்டிட்டுப் போனாங்க. மிச்சத்துக்கு டாக்டர் ஊசி போட்டுட்டாரு. வேலைக்கு ஆகாத நாய்க்குச் சோறு போட பட்ஜெட்ல இடமில்லையாம். ரிட்டயர் ஆன ஜெனரல் வீட்டு ரோஜாச்செடிக்குத் தண்ணி ஊத்த மட்டும் ரெண்டு ஆளு.

– மந்திரிக்கு அந்தக் கவலை இல்லை. நேத்து டெஸ்ட்ல நாலு இடத்துல வெடிமருந்து புதைச்சு வச்சோம், நாலையும் எடுத்துட்டானே!

– ம்.

– இந்தக் கயிறு எவ்வளவு நீளம் அண்ணே?

– நாலு மீட்டர்.

– பத்து மீட்டர்ல கிடைக்குமா?

– பத்து மீட்டரா? கண்ணிவெடி தேடப் போறியா, பட்டம் விடப் போறியா? நாலு மீட்டர்ல நடந்தாத்தான்டா நாயோட காது எப்படித் திரும்புதுன்னு தெரியும். எந்தப் பயந்தாங்கொள்ளி கேக்கச் சொன்னான்?

– இல்ல, சும்மா கேட்டேன்.

– பிடிக்கப் போற நானே கேக்கல, உனக்கு என்ன வந்துச்சு? சரி, எனக்கு யூனிஃபார்ம் எப்பத் தருவீங்க? இடுப்புல கொஞ்சம் லூசா வேணும், சொல்லிட்டேன்.

– அண்ணே...

– என்ன நொண்ணே?

– உங்களை எடுக்கல அண்ணே.

– நாயும் ஆளும் சேர்த்துத்தானேடா பேச்சு?

– பேச்சு வேற, பேப்பர் வேற. அம்பதைத் தாண்டின ஆளுன்னா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டேங்குறான்.

– மந்திரிக்குப் பத்து வயசு. மனுஷனா இருந்தா கம்பு ஊன்றி நடப்பான். அவனுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிட்டான்?

– நாய்க்கு இன்சூரன்ஸே கிடையாது அண்ணே.

– அப்ப கயிறை யாருடா பிடிக்கிறது?

– ஒரு ஆள் போட்டாச்சு. மூணு நாள் டிரெயினிங்.

– மூணு நாளா? எந்த மைதானத்துல?

– மைதானம் இல்ல. வீடியோ.

– தலையெழுத்து. என்னிக்கு வேலை ஆரம்பம்?

– நாளைக்குக் காலையில. மலை மேல இருக்கிற முகாமுக்குப் பதினாறு லாரி சாமான் போகுது. முன்னே நீங்க நடந்து பார்த்துக் குடுத்த அதே பாதைதான். இப்ப ராணுவத்துல அதுக்கு ஆள் இல்லை, எங்ககிட்ட விட்டுட்டாங்க.

– அந்த ஆளுக்குப் பிள்ளைகுட்டி உண்டா?

– ரெண்டு. சின்னது இன்னும் பேசத் தொடங்கல... இந்தக் கட்டத்துல போடுங்க அண்ணே. பேனா இந்தாங்க.

– அதைக் கீழே வை. கதவைச் சாத்திட்டு வா.

– ஏன் அண்ணே?

– சாத்துடான்னா. ...மந்திரிக்கு மோப்பம் போயிடுச்சுடா.

– என்ன சொல்றீங்க?

– ரெண்டு வருஷமாச்சு. ஒரு காய்ச்சல் வந்து விழுந்தான். எழுந்திரிச்ச அன்னிக்குத் தட்டுல கறி வச்சேன். தட்டுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு என் முகத்தைப் பாக்குறான். விரலால தொட்டுக் காட்டினப்புறம்தான் தின்னான்.

– அப்ப நேத்து டெஸ்ட்ல நாலுக்கு நாலு?

– எடுத்தது நான். கிளறின மண்ணு வேற நிறத்துல காயும். புரட்டிப் போட்ட கல்லுல ஈரப்பக்கம் மேல இருக்கும். மிதிச்ச புல்லு ஒரு பக்கமாச் சாஞ்சே கிடக்கும். பார்த்ததும் கயிறை ரெண்டு சுண்டு சுண்டுவேன், அவன் உட்காருவான். எல்லாரும் அவன் முதுகைத் தட்டுவாங்க. போன வருஷம் மெடல்கூடக் குடுத்தாங்களே! தளபதி மூச்சுப் பிடிச்சுக் குனிஞ்சு மாட்டி விடுறாரு, இவன் என்னைப் பாக்குறான், இப்ப உட்காரணுமா வேண்டாமான்னு.

– ஏன் அண்ணே யார்கிட்டயும் சொல்லல?

– சொன்னா ஊசிடா. ஏழு வருஷம் என் உயிருக்கு நாலு மீட்டர் முன்னாடி நடந்தவன். கொஞ்ச நாளைக்கு நான் அவனுக்கு மூக்கா இருந்துட்டுப் போறேனேன்னு நினைச்சேன். எங்க போனாலும் என்னையும் சேர்த்துத்தானே எடுப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான்டா ஒரு முழு நாய்.

– அப்புறம் எதுக்கு இப்பச் சொல்றீங்க?

– சின்னது இன்னும் பேசலைன்னு நீதானே சொன்னே.

– இப்ப நான் என்னத்தை எழுதறது அண்ணே?

– எழுதிக்கோ, தகுதி இல்லைன்னு. டாக்டரைக் கூப்பிடு. தலையை என் மடியில வச்சுக்கிறேன், பயப்பட மாட்டான். வாடா மந்திரி. இங்க வா.

– எழுத முடியாது அண்ணே.

– ஏன், பேனாவுல மை இல்லையா?

– காண்ட்ராக்ட்ல "பயிற்சி பெற்ற நாய் ஒன்று"ன்னு போட்டிருக்கு. நாய் இல்லைன்னா காண்ட்ராக்ட் இல்லை, காண்ட்ராக்ட் இல்லைன்னா எங்க ஒருத்தனுக்கும் வேலை இல்லை. வேற நாய்க்கு எங்க போறது? நல்லதை மத்த கம்பெனி ஓட்டிட்டுப் போயாச்சு, மிச்சத்துக்கு ஊசி போட்டாச்சே.

– உங்க மேலிடத்துல விஷயத்தைச் சொல்லு. மூக்கு செத்த நாயை வச்சுக்கிட்டு...

– சொன்னா என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். "மூக்குன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"ன்னு கேப்பாங்க. நாய் முன்னாடி போனா லாரிக்காரன் பின்னாடி வருவான். அவங்களுக்கு அவ்வளவுதான் வேணும்.

– அப்ப அந்தக் கயிறு பிடிக்கிறவனை இங்க கூட்டிட்டு வா. நான் நேர்ல சொல்றேன். போகாதேன்னு சொல்றேன். போய்த்தான் ஆகணும்னா, பொழுது சாயறதுக்குள்ள மண்ணைப் பார்க்கவாவது சொல்லித் தர்றேன். எங்க இருக்கான்?

– டையைக் கொஞ்சம் கழட்டிக்கிறேன் அண்ணே.

– கேட்டதுக்குப் பதில் சொல்லுடா ஸ்டோரு. எங்க இருக்கான் அந்த ஆளு?

– பத்து மீட்டர்ல கயிறு கேட்டேன்ல... அது எனக்குத்தான் அண்ணே.