லைன் வீட்டுக் கடிதங்கள்

மழைக்காலத்தில் கடிதம் நனையாமல் பார்த்துக்கொள்வது லேசான வேலை இல்லை, டாக்டரம்மா. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீசுக்கு, கணக்கு எழுதும் கிராணியான என் மேசைக்குத்தான் வரும். இருபத்தாறு வருஷத்தில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

என் சின்ன மகள் குமுதா ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டு மலையேறி வந்திருக்கிறீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் தங்கை பூவிழி மார்புப் புற்றில் போனபோது, இது குடும்ப ரத்தத்தில் வருகிற மரபணுக் கோளாறு என்றார்கள். யாரிடமும் சொல்லாமல் ஈப்போவுக்குப் போய் நானும் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, உடனே சொல்லுங்கள் என்று கடிதம் வந்தது. அப்போது மூத்தவள் துளசிக்குத் திரிங்காப்பில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். கடிதத்தை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான்.

துளசி பிள்ளை பெற்று எங்கள் வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலை என் மனைவி மாரியம்மா வந்து நின்றாள்.

"புள்ளைக்கு மார்ல கட்டி மாதிரி இருக்குதாம். கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போலாமாங்க?"

"பால் கட்டியிருக்கும் லா. வெந்நீர் ஒத்தடம் குடு."

எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொன்னதும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஒத்தடம் ஏழு மாதம் நடந்தது. சில நாள் வெந்நீரை நானே வைத்துக் கொடுத்தேன்.

துளசி இறந்துபோனபிறகு, தாய்வழி ரத்தம்தான் காரணம் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். பூவிழிக்கு என்ன நோய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மாரியம்மாவும் நம்பிவிட்டாள். இப்போது பேத்தியைத் தூக்கக்கூடப் பயப்படுகிறாள். நான் மறுத்துப் பேசவில்லை. ஊருக்கே கடிதம் படித்துச் சொல்கிற மனுஷன் மேல் ஒரு மரியாதை இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள முடியுமா?

துளசி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது குமுதாவிடமும் ரத்தம் எடுத்தீர்கள். போன் நம்பர் கேட்டபோது என் நம்பரைத்தான் கொடுத்தேன். முடிவு போன மாதம் வந்தது. பிரித்துப் படித்தேன். அவளுக்கும் இருக்கிறது. அதன்பிறகு நீங்கள் கூப்பிட்டதையெல்லாம் நான்தான் எடுக்கவில்லை.

அவளுக்குத் தையில் கல்யாணம். சொன்னால் அது நின்றுபோகும். அதோடு விடுவீர்களா? அடுத்து அப்பா, அம்மா ரத்தத்தையும் பார்ப்பீர்கள். துளசிக்கு நான் என்ன செய்தேன் என்பது மாரியம்மாவுக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு வழி இல்லை.

நேற்று குமுதா இதே மேசை முன் நின்று கேட்டாள்.

"அப்பா, என் லெட்டர் வந்துருச்சா?"

"வந்துச்சும்மா. உனக்கு ஒண்ணும் இல்லையாம்."

அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிறகு வீட்டுக்குப் போய் அக்கா படத்துக்குப் பூ வைத்தாளாம். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், வெளியே அவள் குரல் கேட்கிறது. அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள், டாக்டரம்மா?