கேரட் காட்டுக்கு எத்தனை தோட்டா?

பயிர்க்காவல் துப்பாக்கி உரிமதாரர் சங்கத்தின் தலைவர், மதிப்புக்குரிய தண்டாயுதபாணி ஐயா அவர்களே! அழைத்தவுடன் மலையேறி வந்து, எங்கள் மனுக்களை மடியில் வைத்துக் காத்திருக்கும் உரிமப் பிரிவு அதிகாரி சண்முகராஜ் ஐயா அவர்களே! கேரட் கழுவிய கையின் ஈரம் காயும் முன்னே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோளில் துப்பாக்கி இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டு நிற்கும் பெரியோர்களே! பூண்டி மண்ணின் பணிவான வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

மனு எழுதிப் பழகிய எனக்கு மேடை புதிது. குரல் நடுங்கினால் குளிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முப்பத்தெட்டுப் பேரின் மனுக்களையும் எழுதியவள் என்பதால், 'தமிழ்மதி, நீயே பேசு' என்று தலைவர் நிறுத்திவிட்டார். பேச என்னிடம் இருப்பது ஒரு கேள்விதான். ஒரு துப்பாக்கியின் வயிற்றில் எத்தனை தோட்டா இருக்கலாம்? இரண்டா? மூன்றா? ஐந்தா?

பின்வரிசையில் 'அஞ்சு, அஞ்சு' என்று குரல் கேட்கிறது. இருங்கள் அண்ணா, ஐந்துக்கும் வருகிறேன்.

முன்வரிசையில் பச்சை ஸ்வெட்டர் போட்டு அமர்ந்திருக்கிறாரே, சிவபாக்கியம் அத்தை, அவரது கதையைக் கேளுங்கள். கணவர் காலமான பிறகு, ஒன்றரை ஏக்கர் குத்தகைக் காட்டையும் அவரது துப்பாக்கி உரிமத்தையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். அது இழுத்து இழுத்துச் சுடுகிற துப்பாக்கி. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும். அதுதான் மேகசின். அதில் ஐந்து தோட்டா வரிசையாகப் படுக்கும்.

முதல்முறை உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது, 'ஐந்து கூடாது, இரண்டுக்கு மேல் ஏறாதபடி அடைத்துக்கொண்டு வாருங்கள்' என்றார்கள். அத்தை நேராக முருகானந்தம் ஆசாரியிடம் போனார்.

"துப்பாக்கிக்குக் கட்டையா? மம்பட்டிக்குத்தானே நான் காம்பு போடுவேன்? ஏந்தாயி, என்னைய உள்ள தள்ளப் பாக்கியா?" என்றார் ஆசாரி. ஆனாலும் அளந்தார், அறுத்தார், இழைத்தார். இம்மியும் பிசகாமல் ஒரு மரக்கட்டை குழாய்க்குள் போய் உட்கார்ந்தது.

அடுத்த முறை போனபோது வேறொருவர் இருந்தார். 'ஆயுதத்தில் மாற்றம் செய்தது யார்? அந்த ஆளுக்கு அதற்கு உரிமம் உண்டா?' என்றார். செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த அன்றே, பாலசமுத்திரத்தில் காதுகுத்து என்று மலையிறங்கினார் ஆசாரி. பத்து நாள் கழித்துத்தான் வந்தார். யாருடைய காது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது! சிரிக்காதீர்கள், ஆசாரி அண்ணன் அந்தத் தூண் பக்கத்தில்தான் நிற்கிறார்.

கட்டையை எடுத்தாகிவிட்டது. இந்த ஆண்டு புதிய உத்தரவுத் தாள் வந்தது. இப்போது மூன்று! கட்டையைப் போட்டால் இரண்டு, எடுத்தால் ஐந்து. மூன்றுக்கு அளந்து வெட்டித் தர ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அத்தை என்ன செய்வார்? துப்பாக்கியைத் தோளிலும் கட்டையை மஞ்சள் பையிலும் போட்டுக்கொண்டு போய், 'நீங்களே பாத்து மாட்டிக் குடுங்கய்யா' என்றார். சரிபார்க்க வேண்டும் என்று துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டையை மட்டும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆறு வாரம் ஆகிவிட்டது. கேரட் பிடுங்க இன்னும் இருபது நாள் இருக்கிறது. பன்றிக் கூட்டம் இரண்டு மூலையை உழுதுவிட்டுப் போயிருக்கிறது. போன ஆண்டு பாதிக் காடு போனது. இந்த ஆண்டும் போனால், குத்தகையை விட்டுவிட்டு அத்தை மலையை விட்டே இறங்க வேண்டியதுதான்.

எனக்குக் கோபத்தை விட வியப்புதான் அதிகம். ஏன் ஐந்து ஆகாது? ஏன் இரண்டு மூன்றானது? உரிமப் பிரிவுக்கே போய்க் கேட்டேன். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தெரியலம்மா. மேல இருந்து தாள் வரும். அதுல எண் இருக்கும், ஏன்னு இருக்காது. நானும் கேட்டதில்ல. நீதான் மொத மொதல்ல கேக்குற."

சரி, அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இங்கே நாம் கேட்டோமா? திரும்பி வந்து அத்தையிடம் கேட்டேன், "உங்களுக்கு எத்தனை வேணும் அத்தை?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"மேலாக்க ஒரு வெடி போட்டா ஓடிரும் தாயி. ரெண்டாவத கேக்க அங்க எந்தப் பன்னி நிக்குது?"

"அப்புறம் ஏன் மனுவுல அஞ்சு கேட்டீங்க?"

"நாங் கேட்டனா? நீதானத்தா எழுதுன! ஊரே அஞ்சுன்னுச்சு, நீயும் எழுதுன, நானும் கைநாட்டு வச்சேன்."

பெருமக்களே, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தெட்டு மனு எழுதினேன், ஒருவரிடமும் கேட்கவில்லை. அதன் பிறகுதான் வீடு வீடாகப் போனேன். ஒன்று போதும் என்றார்கள், இரண்டு போதும் என்றார்கள். ஐந்து வேண்டும் என்று நின்றவர்கள் நான்கே பேர். பின்வரிசை அண்ணா, உங்களையும் சேர்த்துத்தான்!

துப்பாக்கி இல்லாதவர்களையும் கேட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த லெட்சுமி அக்கா, விடியும் முன்பே அத்தை காட்டின் ஓரமாகத்தான் வேலைக்கு நடக்கிறார். அவர் சொன்னார்: "அஞ்சோ ரெண்டோ, எனக்கு என்ன புள்ள? சாக ஒண்ணு காணாதா? வெள்ளனே பெரட்டுக்கு, பேரு குடுக்கப் போற நேரத்துல எந்தக் காட்டுல வெடிப்பாங்கன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. நான் சுத்திப் போயிருவேன்."

எத்தனை தாள் வந்தது! எத்தனை எண் வந்தது! லெட்சுமி அக்காவின் இந்த ஒரு வரி எந்தத் தாளில் வந்தது? எண்ணைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், மீண்டும் கூட்டினார்கள். காவல் காப்பவரைக் கேட்டார்களா? கடந்து போகிறவரைக் கேட்டார்களா? நாமாவது கேட்டோமா? விதி வேண்டாம் என்று சொல்ல நாம் இங்கே கூடவில்லை. தோட்டா இருக்கும் இடத்தில் விதி இருந்தே ஆக வேண்டும். ஆனால் காரணம் சொல்லாத விதி கண்ணைக் கட்டி நடக்கச் சொல்கிறது! நேற்று அது சொன்னபடி நடந்தவரை இன்று அதுவே குற்றவாளி ஆக்குகிறது! குறைந்ததில் வருத்தமில்லை ஐயா. எது சரி என்று தெரியாமல் நிற்பதில்தான் வருத்தம்.

அதிகாரி ஐயா, அத்தையின் மனுவில் நான் எழுதிய ஐந்தை நானே அடித்திருக்கிறேன். எண்ணுக்கான இடம் காலியாக இருக்கிறது. எத்தனை, எந்த நாளிலிருந்து, எதனால் என்று நீங்கள் எழுதுங்கள். வெடிக்கும் நேரத்தை வரப்போரம் பலகையில் எழுதி வைப்பது எங்கள் பொறுப்பு.

அத்தை எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அத்தை, சத்தமாக.

"ஒண்ணுன்னாலும் சம்மதந்தாங்கய்யா. ஆனா எழுதிக் குடுத்துருங்க. கேரட்டு காத்துக் கெடக்காது."

கேட்டீர்களா பெருமக்களே? அதிகாரி ஐயா பேனாவைத் திறக்கிறார். தலைவர் ஐயாவின் முத்திரைப் பெட்டியும் திறக்கிறது. இந்த மேடையில் மேசை ஒன்றுதான் இருக்கிறது, அதில் என் தாள்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு இடம் விடுகிறேன். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இனி எழுதப்போகிற ஐயாவுக்கும் நன்றி.

வணக்கம்.