தாழ்ப்பாள் போட்ட ரொட்டி

— கதவைத் திறடி. உள்ளேர்ந்து ரொட்டி வாசனை வருது.

— துணி மாத்திக்கிட்டிருக்கேன்க்கா.

— துணி மாத்தறதுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு? வீட்டுல நாம ரெண்டே பேர். திற.

— இந்தா, திறந்தாச்சு. போதுமா தாயே?

— உதட்டோரம் என்ன துணுக்கு? தள்ளு. தலகாணிக்குப் பின்னாடி என்ன அது... ரொட்டி! கோதுமை ரொட்டி, முழு பாக்கெட்டு! எனக்கு சீலியாக், கோதுமையே ஒத்துக்காத வியாதின்னு தெரிஞ்ச அன்னிக்கு, கோதுமை இந்த வாசப்படி ஏறாதுன்னு சத்தியம் பண்ணது யாரு?

— நான்தான்.

— ஒரு துணுக்கு என் தட்டுல விழுந்தாப் போதும், குடல் புண்ணாயிடும். தெரியுமா தெரியாதா?

— தெரியும். அதான் அடுப்படிப் பக்கமே கொண்டு போகல. பேப்பர் விரிச்சு, இங்கயே தின்னுட்டு, கையக் கழுவிட்டு...

— ஓஹோ. அப்ப இன்னிக்கு மட்டும் இல்ல. எப்பலேர்ந்து இந்தத் திருட்டு?

— கொஞ்ச நாளா.

— நினைச்சேன். தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருந்தாலும் என் காது இந்த ரூம்லதான்டி. பேப்பர் சரசரங்குது, அப்புறம் ரொம்ப நேரம் குழாயில தண்ணி ஓடுது. சொல்றேன் பாரு, நீ என் வியாதிய நம்பவே இல்ல.

— அப்படின்னு யாரு சொன்னா?

— நீதான். தைராய்டும் வந்துடுச்சுன்னு நான் அழுதப்ப, ‘ரொட்டிக்கும் கழுத்துக்கும் என்னக்கா சம்பந்தம்’னு சிரிச்ச.

— சிரிச்சேன். அப்ப விவரம் தெரியாது. அப்புறம்தான் உன் டாக்டரம்மாவத் தனியாப் போய்ப் பார்த்தேன்.

— என் டாக்டரையா? என் முதுகுக்குப் பின்னாடியா? என்ன கேட்ட? என் சாப்பாட்டுல கலந்தா கண்டுபிடிக்க முடியுமான்னா?

— அக்கா! வாய்க்கு வந்தபடி பேசாத.

— பின்ன எதுக்குடி போன?

— போன தடவை உன்கூட வந்தப்ப, நீ மருந்து வாங்கப் போன நேரத்துல அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ‘உங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்து சர்க்கரை, தினம் இன்சுலின். அக்காவுக்கு சீலியாக், தைராய்டு. எல்லாமே உடம்பு தன்னைத்தானே எதிரின்னு நினைச்சு அடிச்சுக்கற வியாதிங்க. ஒண்ணு இருக்கற இடத்துல இன்னொண்ணு வர வாய்ப்பு ஜாஸ்தி. நீங்க டெஸ்ட் எடுத்துட்டீங்களா’ன்னு கேட்டாங்க.

— எடுக்க வேண்டியதுதானே. அதுக்கும் இந்தத் திருட்டு ரொட்டிக்கும் என்ன?

— கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் டெஸ்ட்ல சரியா தெரியுமாம். நான்தான் உன்கூடவே நிறுத்திட்டேனே. அப்படியே எடுத்தா, வியாதி இருந்தாலும் இல்லைன்னு வந்துடலாமாம். அதான் சில வாரம் மறுபடி சாப்பிடச் சொன்னாங்க.

— இத என்கிட்ட சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?

— சொன்னா நீ விட்டிருப்பியா? நான் ஊசி குத்திக்கிட்டாலே நீ முகத்தத் திருப்பிக்கற ஆளு.

— வயித்த வலிச்சுதா?

— ம்.

— சூடு பிடிச்சிருக்கு, தானா சரியாயிடும்னு சுருண்டு படுத்தியே, அதுவும் இதானா?

— அதுவும் இதான்.

— பாவி. நான் வேற, ஆபீசுக்கு மட்டம் போடறியான்னு திட்டினேன். சரி, இன்னும் எத்தனை நாள் தின்னணும் சொல்லு. நானே வாங்கிட்டு வரேன். என் தட்டு, டம்ளரெல்லாம் தனியா எடுத்து வச்சுக்கறேன். இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னாத.

— வேணாம்க்கா. ரத்தம் குடுத்தாச்சு. வாய் வழியா குழாய் விட்டும் பார்த்தாச்சு.

— எல்லாம் முடிஞ்சுதுன்னா இன்னிக்கு எதுக்குடி மறுபடி தாழ்ப்பாள்?

— சாயங்காலம் டாக்டரம்மா போன் பண்ணாங்க. இனி ஆயுசுக்கும் இதத் தொடக் கூடாதாம். கடைசியா ஒரு துண்டு, நிதானமா ருசிச்சுச் சாப்பிடலாம்னு உக்காந்தேன்... நீ கதவத் தட்டிட்ட.