முப்பத்தாறு படம்

கேக்குதா தங்கச்சி, சரசரன்னு? எலி இல்ல. காத்துக்குப் படம் பொரளுது. கதவ சாத்திட்டு உள்ள வா செல்லக்கிளி. சன்னல்ல சாக்கு கட்டியிருக்கேன், கண்ணு பழகக் கொஞ்ச நேரமாவும். மொறத்த மிதிச்சிடாத, ரேஷன் அரிசி பொறுக்கிக்கினு இருந்தேன்.

ஆமா, அத்தினியும் உன் வூட்டுக்காரந்தான். வைத்திலிங்கம் ஓடுறான். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியலியா? தெரியக் கூடாது. கண்ணாடிக்கு அடியில பல்பு எரியும். மொதப் படத்து மேல வெள்ளத்தாள வச்சி, கால மட்டும் ஒரு நெல்லளவு தள்ளி வரையணும். பக்கத்து பிளாக்கு மருதாசலம் கேமரா குடுத்தாரு. ஒரு படத்துக்கு ஒரு அமுக்கு. பதினாறு படம் ஓடுனா ஒரு செகண்டு. நைட் ஷிப்ட் முடிச்சி வந்து, எட்டு மாசமா இதான். யாரும் சொல்லித் தரல. மொதல்ல தவளையாட்டம் குதிச்சான். சிரி, தப்பில்ல.

வாய்க்கா வெட்டுறப்ப மண்ணு சரிஞ்சி அவன் போனதப் பத்தி ஊருல பேசறது எனக்கும் தெரியும். விசில் ஊதியும் வரல, குடிச்சிருந்தான்னு. விசில் கேட்டவன் தப்பிச்சிருப்பானா இல்லியா, அதப் பாக்கத்தான் இந்தப் படமே.

மண்ணுக் கூடைய போட்டுட்டுக் கரையேற நாப்பது எட்டு எடுத்து வக்கணும். அந்த வாய்க்காப் பள்ளத்துல நானே ஓடிப் பாத்தேன். என் கெழட்டு ஓட்டத்தத்தான் அவனுக்கும் போட்டேன். அதவிட வேகமா ஓட வுடல.

கரைமேல நின்னு பாக்கறது என் வேல. வெடிப்பு மேல சுண்ணாம்பு பூசி வப்போம். சுண்ணாம்பு பொளந்தா வெடிப்பு பெருசாவுதுன்னு அர்த்தம், ஒடனே விசில் ஊதணும். முந்தி ரெண்டு தரம் ஊதினேன், மண்ணு வுழல. ஓடியாந்தவனுங்க வாயில வந்தபடி பேசுனானுங்க. அண்ணே, நாதசுரம் வாங்கித் தரட்டுமான்னான் உன் வூட்டுக்காரன்.

அன்னிக்குப் பொளந்ததுலேந்து மண்ணு வுழற வரைக்கும், தண்ணி எறைக்கிற பம்ப்பு ஒம்போது இழுப்பு இழுத்துது. இழுப்புக்கு ரெண்டு செகண்டு, ஆக பதினெட்டு. எரநூத்தி எம்பத்தெட்டு படம். கரையேற எரநூத்தி அம்பத்திரண்டு போதும். முப்பத்தாறு மிச்சம்.

யாருகிட்ட காட்டறது? விசாரணைய முடிச்சிட்டாங்க. கான்ட்ராக்டரும் ஊர வுட்டே போயிட்டாரு. வரஞ்ச படத்த எவன் சாட்சின்னு எடுத்துக்குவான்?

அவன் குடிக்கல. காதும் நல்லாத்தான் இருந்துது. ஊதினேன்னு விசாரணையில நான்தான் எழுதிக் குடுத்தேன். ஊதல தங்கச்சி. வாயில வச்சேன். நாதசுரம்னு அவன் சிரிச்சது நெனப்பு வந்துது, எடுத்துட்டேன்.

நின்னுக்கினே இருக்கியே. ஒக்காரு. அந்த மொறத்த இப்பிடித் தள்ளு, இன்னும் ரெண்டு பிடிதான், கல்லு பொறுக்கிடறேன்.