நாலாம் நம்பர் பேசவில்லை

—இல்லங்க, நாலாம் நம்பர் டிரைவ் இன்னும் பேசல. மத்த அஞ்சு மோட்டரோட டிரைவ் பெட்டியும் கேட்வேக்குப் பதில் சொல்லுது. இது மட்டும் கம்முனு கிடக்கு.

—இன்னா எழிலு, பத்து நாளா என் போன எடுக்கல. இன்னிக்கு நீயா பண்ணி, மொதப் பேச்சே டிரைவா?

—பொண்டாட்டியா பேசல, எலக்ட்ரீஷியனா பேசுறேன். கேட்வே ஓடினாத்தான் திருமழிசை ஃபேக்டரியில ஓடுற மோட்டர் உங்க ஷார்ஜா ஆபீசுக்குத் தெரியுமாம். மேனேஜர் உசுர வாங்குறாரு. சொல்லுங்களேன்.

—சரி, சூடாவாத. ஒயரு ஒரு டிரைவ்லேர்ந்து அடுத்ததுக்கு வரிசையா போவுதா? நடுவுல கிளை பிரிச்சு வுட்டுக்கீறியா?

—வரிசையாத்தான் போகுது.

—பிளஸ், மைனஸ் மாத்தி குத்திட்டியா?

—நான் என்ன நேத்தா ஸ்குரூடிரைவர் புடிச்சேன்? சாப்டீங்களா?

—இங்கத்த குப்பூஸ் ரொட்டிதான். குமணன்சாவடி பரோட்டாவ நெனச்சுகினே முழுங்கினேன்.

—பஸ்ல அந்தக் கடையத் தாண்டுறப்ப நான் அந்தப் பக்கம் திரும்புறதே இல்ல.

—எழிலு…

—என்னைய ஒரு வார்த்த கேக்காம இன்னும் ரெண்டு வருசம் இருக்கப்போறேன்னீங்களே, அதான் போன எடுக்கல. அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டீங்களா?

—மொதல்ல டிரைவ பாப்போம். கேட்வே கூப்புட்றதுக்கு நாலாவதுக்கு இன்னா நம்பர் வெச்சுக்கீற?

—ஐயய்யோ, மூணு! மூணாவதுக்கும் மூணு, நாலாவதுக்கும் மூணு. அதான் பேசல போலிருக்கு.

—மூணாவது பேசுதுன்னியே?

—ஆமா, நல்லா பேசுதே.

—அதெப்டி? ஒரே நம்பர் ரெண்டுத்துக்கும் கீதுன்னா, கூப்ட்டவொடனே ரெண்டும் சேந்து கத்தும். ரெண்டு பேச்சும் கொயம்பிப் பூடும். மெய்யா சொல்லு எழிலு.

—காலையிலயே ஆறும் பேசிடுச்சுங்க. சண்ட இல்லாம உங்க குரலக் கேக்கணும்போல இருந்துச்சு. வேற சாக்கு தோணல. என்னால முடியலங்க, வந்துடுங்க.

—என் வாயி சும்மா கெடந்திருந்தா இன்னும் நாலு ஒயரப் பத்தி பேசிருக்கலாம்.

—என்ன சொல்றீங்க?

—என்னிய ஸ்கிரீன் ரூமுக்கு மாத்திட்டாங்க எழிலு. உன் ஆறு மோட்டரும் காலையிலேர்ந்து என் கண்ணு முன்னாடிதான் ஓடிகினு கீது. டிரைவ் பேச்சு முடிஞ்சுட்டா இத்த சொல்லியாவணுமேன்னுதான் ஒயர் ஒயரா கேட்டுகினு இருந்தேன். நேத்தே கையெழுத்து போட்டுட்டேம்மே.