எல்லா இடத்துலயும் பச்சை

இல்ல சலபதி காரு, "பாத்துட்டுச் சொல்றேன்", "மேலிடத்துல கேக்குறேன்"... இந்தக் கதையெல்லாம் இன்னிக்கு எங்கிட்ட வேகாது. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், அதுக்குக் கால் ஆடும். இதுல. செருப்ப வெளியில கழட்டிட்டீங்கல்ல? குளிருதா? குளிரட்டும். இந்த மைக்ராஸ்கோப்பு சொகமா இருக்கணும்னு தார்நாகா வெயில்ல நாங்க ஸ்வெட்டர் தூக்கிட்டு வர்றோம். எங்க ஊர்ல மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கெடையாது.

நீங்க வித்துட்டுப் போன ஆன்டிபாடி பொய் சொல்லுது. அவ்வளவுதான் விஷயம். ஐயோ, பொறுங்க, நான் பேசி முடிச்சுக்கறேன்! "மேடம், இது வேம்ப் ஏழு எங்க இருக்கோ அங்க மட்டும் போய் ஒட்டும், ஒட்டின எடம் பச்சையா மின்னும், மத்த எடமெல்லாம் கும்மிருட்டு"ன்னு சொன்னது யாரு? நீங்கதான? டை கட்டிட்டு வந்து சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

மொதல்ல, ஏழுன்னா என்னன்னாவது உங்களுக்குத் தெரியுமா? விக்கிறவங்களுக்கு எதுக்குத் தெரியணும்... சரி, சொல்றேன், கேட்டுக்கோங்க. செல்லுக்குள்ள எல்லாச் சாமானும் சின்னச் சின்னப் பையிலதான் போகும். பை ஓரம் வரைக்கும் போனா ஆச்சா? செவுத்துல ஒட்டணும், ஒட்டித் தெறக்கணும். ஒட்ட வைக்கிற கொக்கி மாதிரி ஒரு புரோட்டீன்தான் இந்த ஏழு. மூளைச் செல்லு வால் மாதிரி நீட்டி வளருதுல்ல... அந்த வாலுக்கு வேண்டியத இதுதான் கொண்டு போய் எறக்கும். தங்கமான புள்ள! அதே ஏழு புத்துநோய் செல்லுல இருந்தா என்ன பண்ணும்? சுத்தி இருக்குற சதைய வெட்டுற கத்தியக் கொண்டு போய் வெளிய வைக்கும். வெட்டின வழியில நோய் பரவும். ஒரே ஆட்டோக்காரன் காலையில ஸ்கூல் புள்ளைங்கள ஏத்துறான், ராத்திரி சாராயம் ஏத்துறான், அந்த மாதிரி. ஆட்டோ மேல என்ன தப்பு?

இதுக்குத்தான் இங்க மாடிக்கும் கீழுக்கும் அடிதடி. மாடியில நாங்க, சுபத்ரா மேடம் ஆளுங்க, மூளை. கீழ புத்துநோய். அங்க ஒருத்தன் இருக்கான், ஃபணீந்திரான்னு. என் பேட்ச்தான், ஒண்ணாத்தான் சேந்தோம். லிஃப்ட்ல பாத்தா ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்க... "என்ன ஹைமவதி, உங்க ஏழு நல்லா இருக்கா?" பக்கத்து வீட்டுக் கொழந்தைய விசாரிக்கிற மாதிரி! உங்க ஏழாம்ல? ஏழுன்னு பேர் வச்சதே தப்பு. எனக்கு ஏழரைதான்.

திங்கக்கிழமை கமிட்டி. ஒரே கொக்கிக்கு ரெண்டு லேபா, காசு எங்கேருந்து வரும்னு டைரக்டர் கேட்டுட்டாரு. ஏழு எங்க மாடிக்கா, கீழுக்கா, அன்னிக்கு முடிவு. கீழ போச்சுன்னா எனக்கு வேற தலைப்பு. மொதல்லேருந்து! பி.எச்டில ஆறாவது வருஷம் சலபதி காரு. என் கூட சேந்தவளுங்க புள்ளைங்க ஸ்கூல்ல ஆண்டு விழாவுல ஆடுதுங்க. நான் இன்னும் எலி மூளையத் தட்டுல போட்டு வளத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

இங்க பாருங்க, இந்த ஸ்க்ரீன்ல. இது என் மூளைச் செல்லு. வால் நுனியில பச்சை, புள்ளி புள்ளியா... அழகா இருக்குல்ல? இத வச்சுத்தான் ஒரு வருஷமா மீட்டிங் மீட்டிங்கா பேசுனேன். சரி. இது ஃபணி குடுத்த புத்துநோய் செல்லு. இதுலயும் பச்சை. சரி, அதுவும் எதிர்பாத்ததுதான். இப்ப இதப் பாருங்க. இது ஏழ உண்டாக்குற ஜீனையே வெட்டி எடுத்த செல்லு. இதுல ஏழே கெடையாது. ஆளே இல்லாத வீடு. இருட்டா இருக்கணும்ல? பாருங்களேன்! அம்மன் கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி ஜெகஜோதியா இருக்கு! உங்க ஆன்டிபாடி வேல பாக்குற லட்சணம் இது.

இன்னொன்னு. உங்க பச்சை நிக்கவும் மாட்டேங்குது. பாத்துக்கிட்டே இருக்கும்போதே மங்கிப் போவுது. என்ன சாயத்தைச் சேத்தீங்களோ, கலர் கோலப்பொடி!

அதனால நீங்க திங்கக்கிழமை வர்றீங்க. டை கட்டிட்டே வாங்க. கமிட்டி முன்னாடி, "அந்தச் சரக்கு கெட்டுப் போச்சு, தப்பு எங்களுதுதான்"னு ஒரே ஒரு வாக்கியம். எனக்கு ஆறு மாசம் குடுப்பாங்க, ஏழு எங்க மாடியிலயே இருக்கும். உங்க வேல போவாது, நான் கேரன்டி... என்ன? ஆன்டிபாடியே போடாத ஸ்லைடா? அதெல்லாம் மொத வருஷமே போட்டுப் பாத்தாச்சுங்க. இருட்டுதான். கண்ணுல வெளக்கெண்ண விட்டுப் பாத்தாலும் ஒண்ணும் தெரியல. இப்பவா? இப்ப எதுக்கு? என்னை நம்ப மாட்டீங்களா?

சரி, பிடிவாதம் பிடிக்கிறீங்க. இந்தாங்க, வெறும் செல்லு இருக்கு, ஆன்டிபாடி ஒரு சொட்டுக்கூடப் படல. ஃபோர்செப்ஸ் இடுக்கியால கண்ணாடித் துண்ட எடுத்து... கவுத்து... வச்சாச்சு. லைட் போடுறேன். இப்ப கருப்பா இருக்கும், அதப் பாத்துட்டு நீங்க...

ஹ்ம்.

இல்ல, இது... மெஷின் கோளாறு. ஆமா, மெஷின்தான்! எதுவுமே போடாம எப்படிங்க பச்சை வரும்? நேத்துக்கூட சத்தம் கேட்டுச்சு... ஆனா சே, மெஷினக் கொற சொல்லக் கூடாது. பாவம், போன தசராவுலேருந்து ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. அதுக்கு முன்னாடி பாத்திருக்கணும் நீங்க! ஜெர்மனிலேருந்து எஞ்சினியர் வந்தான், போனான், வந்தான், போனான். பில்லுதான் வந்துச்சு, படம் வரல. தசரா அன்னிக்கு நானே தேங்கா ஒடச்சு, பொட்டு வச்சு, ஆயுத பூஜை பண்ணேன். மறுநாளே கிண்ணுனு வேல பாத்துச்சு! சிரிக்காதீங்க. சுபத்ரா மேடமே ஒண்ணும் சொல்லல. அன்னிலேருந்து வெள்ளிக்கிழமைன்னா நான் விடுறதில்ல. காலையில குளிச்சுட்டு வந்து, மெஷினுக்கு ஒரு பொட்டு, எனக்கு ஒரு பொட்டு, இந்த ஃபோர்செப்ஸுக்கு ஒரு பொட்டு...

ஆமா, ஃபோர்செப்ஸுக்கும்தான். பின்ன? டெய்லர் கத்திரிக்கு வைக்கலயா, டிரைவர் ஸ்டியரிங்குக்கு வைக்கலயா? எனக்கு ஆயுதம் இதுதான? நுனியில மஞ்சள் தடவி, மேல குங்குமம். எங்க ஊரு நிஜாமாபாத்துங்க. மஞ்சளுக்கு எங்க ஊர அடிச்சுக்க ஊரு கெடையாது. வெரல்ல பட்டா மூணு நாள் போவாது. தொடைக்கவா? யாராச்சும் தொடைப்பாங்களா, பூஜை பண்ணதைத் தொடச்சா என்ன மிஞ்சும்? அதுக்கப்புறம்தான் என் படமெல்லாமே இப்படிப் பளிச்சுனு வர ஆரம்பிச்சுது. அதுலயும் வெள்ளிக்கிழமை படம் இருக்கே, கண்ணக் கூசும். முக்கியமான ஸ்லைடு எதையும் நான் வேற கெழமையில...

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

வெறும் கண்ணாடியா? செல்லே இல்லாமயா? சும்மா ஃபோர்செப்ஸ் நுனியால ஒரு தொடு தொட்டு... சரி. என்ன வெளையாட்டு இது. இந்தா, தொட்டாச்சு. லைட்டு...

...

ராமா.

என்னங்க இது. பச்சையா எரியுது. எங்க வீட்டுல கொழம்புக்குப் போடுற மஞ்சளுங்க! இது என்னத்துக்குங்க பச்சையா எரியணும்? ஓ... இந்த லைட்டு பட்டா மஞ்சள் தானாவே பச்சையா மின்னுமா? உங்களுக்குத் தெரியுமா? உள்ள நொழைஞ்சதும் ஃபோர்செப்ஸ் நுனியப் பாத்தே தெரியுமா? அப்புறம் எதுக்கு அரை மணி நேரமா என்னைப் பேச விட்டீங்க! ...நான் விடலியா. ஆமா, நான் விடல.

அப்ப என் வால் நுனி? அந்தப் புள்ளி புள்ளி... எதுங்க ஏழு, எதுங்க மஞ்சள்? எனக்கே தெரியலியே இப்ப. ஒரு வருஷப் படம் சலபதி காரு! எல்லார் முன்னாடியும் நின்னு, அம்புக்குறி போட்டு, "இங்க பாருங்க, மூளை எப்படி வளருதுன்னு பாருங்க"ன்னு பேசியிருக்கேன். நான் காட்டுனது எங்க ஊரு மஞ்சள். சிரிப்பா வருதா அழுகையா வருதான்னு தெரியல. அழுகைதான் வருது போல. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க.

இருங்க... இருங்க இருங்க. இந்த ஃபோர்செப்ஸ நான் மட்டுமா எடுக்குறேன்? இந்தக் கட்டடத்துல ஃபோர்செப்ஸ வச்சுட்டுத் திரும்புனா காணாமப் போயிடும், அதனால மேசையோட நூல் போட்டுக் கட்டியிருக்கேன், பாருங்க. இந்த ரூமுக்கு யாரு வந்தாலும் இதத்தான் எடுத்தாகணும். சனிக்கிழமை காலையில யாரு ஸ்லாட்டு? ஃபணி! வெள்ளிக்கு மறுநாள்! "என் செல்லுல ஏழு வழியுது"ன்னு அவன் கூத்தாடினது... ஹா! வழியுதாம்ல! வழிஞ்சது என் மஞ்சள்டா மகனே!

இப்ப பாருங்க. நான் வாயத் தெறக்காம இருந்தா? திங்கக்கிழமை ஏழு கீழ போகும். போகட்டும். அடுத்த மாசம் அவன் கான்ஃபரன்ஸுல பேச ஜப்பான் போறான், இந்தப் பச்சையத்தான் எடுத்துட்டுப் போறான். அங்க யாராவது ஒரு கெழவர் எழுந்து, "ஏழு இல்லாத செல்லக் காட்டு தம்பி"ன்னு ஒரு கேள்வி கேட்டாப் போதும். முடிஞ்சான். லிஃப்ட்ல இனிமே சிரிக்கவே மாட்டான்...

ச்சீ. என்ன ஜென்மம் நான். எனக்கு அவனத் திட்டணும் சலபதி காரு, அவ்வளவுதான். தெனமும் வாயாரத் திட்டணும். அவன் நாசமாப் போகணும்னு இல்ல. அதுவும் என் பொட்டால.

நீங்க எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க, எனக்கு சாட்சி வேணும். நான் சொன்னா அவன் நம்புவான்னு நெனைக்கிறீங்க? திங்கக்கிழமை ரெண்டு பேரும் சேந்துதான் போய் நிக்கணும், ஏழு யாருக்கும் வேணாம், மொதல்ல எங்களுக்கு ஒரு வருஷம் குடுங்கன்னு. இருங்க, போன் போடுறேன்.

ஃபணி? ஹைமா. ஒடனே மேல வா. சண்டைக்கு இல்லடா... நெஜமா சண்டைக்கு இல்ல. சாப்பிட்டுக்கிட்டு இருக்கியா? என்ன சாப்பாடு? புளிஹோராவா? மஞ்சள் போட்ட புளிச்சோறா? ஐயோ கடவுளே... டேய், கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வா. ரெண்டு தடவ.